குறைவில்லை ஐயாவின் ஏழு மணி நாற்பது நிமிடம்

திருகோணமலைத் துறைமுகத்தில் குறைவில்லை ஐயாவுக்குத் தெரியாமல் ஒரு கோதுமை மணிகூடக் கரையேறியது கிடையாது. காகம் கொத்திக்கொண்டு போனால், அது எந்தப் பக்கம் போனது என்பதையும் கொப்பியில் எழுதி வைப்பார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவதுதான் அவர் உத்தியோகம். நாலு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு வெட்டு. கடைசி மூட்டை இறங்கியதும் பேனையை மூடிக்கொண்டு "குறைவில்லை" என்பார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது. அதே கந்தோரில் இரண்டு மேசை தள்ளி நான் இருந்தேன்.

பொழுதுபோக்கு என்று அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடற்கரை வீதியில் நின்று, கப்பல் வருவதைக் கைபேசியில் வீடியோ எடுப்பார். கப்பல் ஒரு புள்ளியாகத் தெரிவதில் தொடங்கிக் கயிறு கட்டுவது வரை எடுப்பார். எதையும் வெட்டமாட்டார். பார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்புவார். நாங்களும் "நல்லா இருக்கு ஐயா" என்று பதில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போவோம்.

வினை அவருடைய மகளின் கல்யாணத்தில் வந்தது. மகன் சுவிஸில். அகதி வழக்கு முடியாததால் ஆறு வருடமாக ஊருக்கு வர வழியில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று கால் கழுவ வேண்டும். சொந்தத்தில் தோழன் வயதுப் பெடியன்கள் எல்லோரும் கனடாவிலும் இலண்டனிலும் இருந்தார்கள். முப்பத்துமூன்று வயதாகியும் கல்யாணமாகாதவன் என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்து நிறுத்தினார் ஐயா.

நான் செம்பை எடுத்தேன். செம்பு நழுவி, தண்ணீர் முழுவதும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கொட்டி, வெறும் செம்பு அவர் கால் பெருவிரலில் விழுந்தது. மாப்பிள்ளை "அம்மா" என்றார். செம்பு உருண்டு மேளகாரர் பக்கம் போனது. அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டிவிட்டார். தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மண்டபமே சிரித்தது. நான் குனிந்த தலை நிமிரவில்லை.

இரண்டு வாரத்தில் வீடியோக்காரர் மூன்று நிமிடப் படம் ஒன்றைக் கொடுத்தார். நிலாவெளிக் கடற்கரையில் மணமக்கள் மெதுவாக ஓடினார்கள். கோட்டைக்குள் நின்ற மான் நாற்பது செக்கன் புல் தின்றது. கால் கழுவியது இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஐயாவுக்கு உயிர் போனது. "மானுக்கு நாங்கள் கலியாணக் காட் குடுத்தனாங்களே?" என்று கேட்டார். அன்றே மகனும் சுவிஸிலிருந்து போன் எடுத்தான். "அப்பா, நான் நிக்க வேண்டிய இடத்தைத்தான் பாக்க ஆசைப்பட்டனான். அதைக் காணேல்ல."

ஐயா நேரே வீடியோக்காரரிடம் போய், வெட்டாத வீடியோ முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தார். தானே எடிட் பண்ணப் போவதாக அறிவித்தார். எந்த மென்பொருள் நல்லது என்று என்னிடமே கேட்டார். என் மானம் அந்தப் பதிலில் தொங்கியது.

"ஐயா, உங்களுக்குக் கைபேசியில இருக்கிற சின்னதே போதும். எல்லாத்தையும் உள்ளுக்குப் போட்டா, வடிவான பகுதியளை அதுவே தெரிஞ்செடுக்கும்."

"அது ஆர் தெரிஞ்செடுக்க? அது கலியாணத்துக்கு வந்ததோ?"

இருந்தாலும் போட்டுப் பார்த்தார். அது ஒரு நிமிடப் படம் செய்து, ஓரத்தில் இதயங்களைப் பறக்கவிட்டது. ஐயா அழைப்புப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு கோடு போட்டார். "வெருகல் மாமி ரெண்டு பஸ் மாறி வந்தவ. அவவைக் காணேல்ல. கிண்ணியா நானா வந்து வட்டிலப்பமும் தந்துபோட்டுப் போனவர். அவரையும் காணேல்ல." சின்ன மென்பொருளின் கதை அதோடு முடிந்தது.

பெரிய மென்பொருளைப் பற்றி என்னால் முடிந்தவரை பயமுறுத்தினேன். "சினிமாக்காரர் பாவிக்கிறது ஐயா. பட்டனே நூறு இருக்கும். பழகேலாது."

"கிரேனிலயும்தான் கனக்கப் பட்டன் இருக்கு. அதுக்குக் கீழ நிண்டு நான் முப்பது வருசம் எண்ணேல்லையே?"

முதல் நாளே தவறுதலாக ஒரு துண்டை வெட்டிவிட்டார். கால் கழுவும் துண்டுதான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடவுளைக் கும்பிட்டேன். ஐயா திரையில் தடவித் தடவி, மிச்சத் துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வெட்டின பகுதி முழுசாக வெளியே வந்தது. "பாத்தீரே தம்பி, வெட்டினாலும் கிடங்குக்குள்ளதான் கிடக்கு. இதுதான் மனுசருக்குச் செய்த சாமான்." அதற்குப் பிறகு சின்னதா பெரியதா என்ற பேச்சே எழவில்லை.

மூன்று மாதம் கந்தோர் விட்டதும் நேரே கணினிதான். பக்கத்தில் இருந்து, செம்பு விழும் இடத்தை நானும் எத்தனையோ தரம் பார்க்க வேண்டியிருந்தது. அது பழைய கணினி. ஓடத் தொடங்கினால் இயந்திரப் படகு புறப்படுகிற சத்தம் கேட்கும். கடைசியில் படத்தைச் சேர்த்து வெளியே எடுக்க ஒன்றரை நாள் பிடித்தது. அந்த ஒன்றரை நாளும் வீட்டில் ஒருவரும் அயன் பண்ணவில்லை. மின்சாரம் போய்விடுமாம். மாப்பிள்ளை கசங்கின சேட்டோடு வேலைக்குப் போனார்.

அதற்கு முதல் நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஐயா, அந்த இருபது செக்கனை மட்டும் எடுத்துவிடுங்கோவன். சுவிஸில எல்லாரும் பாத்துச் சிரிப்பினம்."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூட்டை கிழிஞ்சிருந்தாலும் நாங்கள் எண்ணுறம்தானே தம்பி. பக்கத்தில ஒரு குறிப்பு எழுதுவம். அவ்வளவுதான்."

சொன்னபடியே எழுதினார். அவர் செய்த, ஏழு மணி நேரம் நாற்பது நிமிடம் ஓடும் படத்தில் எழுத்து வருவது ஒரே ஒரு இடத்தில்தான். நான் செம்பைப் போட்டுவிட்டு அசடு வழிந்து நிற்கும்போது, கீழே பெரிதாக வரும்: "செம்பு 1. சேதமில்லை." நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் சுவிஸிலிருந்து மகன் எனக்குப் போன் எடுத்தான். கேலி செய்யப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணா, முழுக்கப் பாத்துமுடிச்சன். ரெண்டு நாள் எடுத்தது. நீங்கள் செம்பைப் போட்ட இடத்தில பின்னால அப்பா நிக்கிறார், கவனிச்சனீங்களே?"

"இல்லை."

"சால்வையால வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில இருந்து அந்த மனுசன் சிரிச்சு நான் காணேல்ல அண்ணா. போன்ல கதைக்கேக்கையும் சாப்பிட்டியோ எண்டு மட்டும்தான் கேப்பார். நான் அந்த இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பாக்கிறன்."

அத்தனை தரம் பார்த்தும் நான் என்னைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் ஐயாவின் மேசைக்குப் போய், அந்த இருபது செக்கனை எனக்கு வெட்டித் தரும்படி கேட்டேன். "வெட்டேலாது தம்பி. முழுக்கக் கொண்டுபோம்" என்றார். கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இரண்டாவது மணி நேரத்தில், பதினோராவது நிமிடத்தில் வரும். மனம் சரியில்லாத நாட்களில் அதைப் போட்டு, என்னை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.