அந்தரானந்தாவின் ரயில்

சக்கரம் தண்டவாளத்தில் படாமல் ஓடும் ரயிலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 2001ஆம் வருடம் ஆனி மாதம் ஆம்பூர் ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், விழுந்து கும்பிட்டார்கள், டிக்கெட்டும் வாங்கினார்கள்.

ரயில் ஒரு முழ நீளம்தான். தகரத்தில் செய்து, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்து மேடையில் வட்டமாக ஒரு தண்டவாளம். அதற்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில், எந்தப் பிடிமானமும் இல்லாமல், வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ரயில் நிற்கும். மயிலிறகால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும். தள்ளுகிறவர் ஸ்ரீலஸ்ரீ அந்தரானந்த சுவாமிகள். பெயரை அவரேதான் வைத்துக்கொண்டாராம். பொருத்தமான பெயர்தான், அவரை நம்பினவர்கள் அந்தரத்தில்தானே தொங்கினார்கள்.

சாமியாரின் சித்தாந்தம் எளிமையானது. நோயாளியின் பெயரெழுதிய சீட்டை ரயிலில் வைத்தால் நோய் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐந்து நிமிடம் சுற்றியதும், "ஜோலார்பேட்டை வந்துட்டுது. நோயெல்லாம் இறங்கி வேற வண்டி மாறிப் போய்ட்டுது" என்பார். உடனே சீடர்கள் ரயிலைப் பட்டுத் துணியால் மூடி உள்ளே தூக்கிப் போய்விடுவார்கள். காய்ச்சலுக்கு ஆர்டினரி. சர்க்கரை வியாதிக்கு எக்ஸ்பிரஸ். ஆபரேஷன் கேஸ் என்றால் தட்கல், ஐந்நூறு ரூபாய். ஜோலார்பேட்டைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பிரியாணிக் கடையைவிட இங்கே கூட்டம் ஜாஸ்தி. திருநீறு, சிலுவை, குல்லா மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. அறிவியல் பாடம் நடத்தி ரிட்டயரான சுந்தர்ராஜ் வாத்தியார் தினமும் முதல் ஆளாக வந்து, அந்தப் புகையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொள்வார். பூசியும் சர்க்கரை இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்குத் தட்கல் வரிசையில் நின்றவள் கெங்கம்மாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. இடுப்பில் எட்டு வயது மகள் சங்கீதா. நாலு எட்டு நடந்தாலே உதடு நீலம் பாரிக்கிற பிள்ளை, இதயத்தில் ஓட்டை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்காக அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் வார்டில் சேர வேண்டும். தவறினால் அடுத்த தேதிக்கு ஆறு மாதம் ஆகும். அதுவரை பிள்ளை தாங்கும் என்று டாக்டர்கூடச் சொல்லவில்லை. சாமியார் சொல்லிவிட்டார்: "கத்தி பட்டா அருள் போய்டும். ஆபரேஷன் வேணாம்." ஆஸ்பத்திரிச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கெங்கம்மாள் இங்கே வந்து நின்றாள்.

வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. வந்தவர் முனிரத்தினம், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். கெங்கம்மாள்தான் தன் பசுவுக்கு ஊசி போட வரச் சொல்லியிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்ததால் சினை ஊசிக் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு தேடி வந்துவிட்டார்.

"இன்னாம்மா, மாடு காலையிலேர்ந்து கத்துது. நீ இங்க நிக்கிற?"

"இருண்ணா. பாப்பா நோய் வண்டி ஏறப் போவுது."

மேடையில் சீடர்கள் ரயிலுக்கு அடியில் ஒரு சந்தனக் கட்டையை வைத்தார்கள். அலுமினியக் கேனிலிருந்து ரயிலுக்குள் 'ஆகாய கங்கை'யை ஊற்றினார்கள். புகை பொங்கியது. கட்டையை உருவினார்கள். ரயில் அந்தரத்தில் நின்றது. கூட்டம் கை கூப்பியது. முனிரத்தினம் மட்டும் மேடைக் கேனைப் பார்த்தார், பிறகு தன் கேனைப் பார்த்தார். அதே கழுத்து, அதே மூடி, அதே புகை.

"பாப்பாவை ஆபரேஷனுக்குச் சேக்குறது இன்னிக்குத்தானே?" என்று கெங்கம்மாளைக் கேட்டார்.

"சாமி வேணாம்னுட்டாரு."

வாதாடினால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். "சரி. ஜுரத்துக்கும் அஞ்சு நிமிஷம், இதய ஓட்டைக்கும் அதே அஞ்சு நிமிஷமா? நோய் முழுசா இறங்குற வரைக்கும் வண்டியை எடுக்க விடாதே."

கெங்கம்மாளுக்கு இது நியாயமாகப் பட்டது. சங்கீதாவின் சீட்டு ஏறியது, ரயில் சுற்றியது. ஐந்து நிமிடத்தில் பட்டுத் துணி வந்தது. கெங்கம்மாள் மேடையேறி சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் சுத்தட்டும் சாமி."

"ஜோலார்பேட்டை வந்துட்டுதும்மா."

"அங்க வண்டி அரை மணி நேரம்கூட நிக்கும் சாமி. நானே காத்துக் கெடந்திருக்கேன். இது பெரிய நோய், மெதுவாத்தான் இறங்கும்."

"அந்தம்மா சொல்றது சரிதான், விடுங்க சாமி" என்றது கூட்டம். சாமியாருக்கு வேர்த்துக் கொட்டியது. நாத்திகன் என்றால் சாபம் விடலாம். பக்தை கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

பத்தாவது நிமிடம் புகை மெலிந்தது. ரயில் ஒரு பக்கம் சாய்ந்து, 'டொக்' என்று தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டது.

"கூட்டத்துல ஒரு பாவி இருக்கான். அவனாலதான் அருள் போய்ட்டுது" என்று சாமியார் கத்தினார்.

"நான்தான் சாமி அந்தப் பாவி" என்று முனிரத்தினம் மேடையேறினார். யாரிடமோ ஒரு தீப்பெட்டி வாங்கி ரயிலுக்கு அடியில் வைத்தார். தன் கேனைத் திறந்து ஊற்றினார். இரண்டு நிமிடம் பொறுத்தார். மந்திரம் ஏதும் சொல்லவில்லை, மூக்கைத்தான் சிந்தினார். தீப்பெட்டியை உருவினார். ரயில் அந்தரத்தில் நின்றது.

"தண்டவாளம் பூரா காந்தம்" என்றார். "வண்டிக்குள்ள ஒரு கறுப்பு வில்லை. பயங்கரக் குளிர்ல அது காந்தத்து மேல மிதக்கும், குளிர் கம்மியானா விழும். வேலூர் கண்காட்சியில காலேஜ் பசங்க இதைச் சும்மாவே காட்டினாங்க."

அந்த வில்லைக்கு மீக்கடத்தி என்று பெயர். ஜப்பான்காரன் அதை வைத்து மனிதர்கள் ஏறுகிற ரயிலையே ஓட்டிப் பார்க்கிறான். நாம் காய்ச்சலை ஏற்றி அனுப்பினோம்.

"அப்ப உன் கேன்ல இருக்கிறது?" என்றார் சுந்தர்ராஜ் வாத்தியார்.

"ஜெர்சி காளையோட விந்து சார். அது கெடாம இருக்கத்தான் இந்தத் திரவ நைட்ரஜன், இந்தக் குளிர்."

வாத்தியார் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். சுவாமிகள் பின்வாசல் வழியாக ஓடினார். அந்த ஒரு தடவைதான் அவர் நிஜமாகவே தரையில் கால் பாவாமல் போனார்.

கெங்கம்மாள் மேடையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணை நானே கொன்னிருப்பேனேண்ணா."

"அழுவறதை பஸ்ல வெச்சிக்கோ. மணி ரெண்டாவப் போவுது. என் வண்டியில ஏறு, பஸ் ஸ்டாண்டுல விடறேன்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சங்கீதா வார்டில் சேர்ந்தாள். அந்த வாரமே டாக்டர்கள் ஓட்டையை அடைத்தார்கள்.

அன்று அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, மேடையில் விட்டுப்போன கேனை எடுக்க முனிரத்தினம் திரும்பி வந்தார். கூட்டம் கலையவே இல்லை. கேனுக்குக் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். எதிரே கற்பூரம் எரிந்தது. மறுபடி வரிசை கட்டிவிட்டார்கள். முதல் ஆள் சுந்தர்ராஜ் வாத்தியார்.

"தம்பி, சர்க்கரைக்கு இது கேக்குமா?"

"கேக்கும் சார். பத்தாவது மாசம் கன்னு போடுவீங்க, பரவாயில்லையா?"

சிரிப்பார்கள் என்று பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆத்திரத்தோடு சரத்தைப் பிய்த்துப் போட்டு, கேனைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"புதுத் தீவனம் வெச்சா மாடுகூட மோந்து பார்த்துட்டுத்தான் சார் வாய் வைக்குது. நீங்க பாடம் நடத்தினவரு."