மிஸ்றியாவுக்கு ஏற்ற லென்ஸ்

கமெராவைக் கண்டால்தான் மகள் அழுகிறாள் என்ற முடிவுக்கு ஸலாஹுதீன் வந்தபோது, அவனுடைய விடுமுறையில் பதினொரு நாட்கள் போய்விட்டிருந்தன.

அவன் ரியாத்துக்கு விமானம் ஏறிய நான்காம் மாதம் பிறந்தவள் மிஸ்றியா. இரண்டு வருடம் கழித்து, எண்பத்தொன்றில், சாய்ந்தமருதுக்கு வந்துதான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். திரும்பிப் போகும்போது கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைக்க, பிள்ளை சிரிக்கிற படம் ஒன்று வேண்டும். அதற்காகவே கமெரா வாங்கி வந்திருந்தான். அறையில் கூட இருந்த பிலிப்பைன்காரன் ஆறு மாதம் பாடம் நடத்தி, சின்னப் பிள்ளைகளுக்கு ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ்தான் சரி என்று சொல்லியிருந்தான். சொன்னவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது ஸலாஹுதீனுக்கு அப்போது உறைக்கவில்லை.

வளவில் பாய் விரித்து, மனைவி நதீரா பிள்ளையைப் பின்னாலிருந்து இடுப்பில் பிடித்துக்கொள்வாள். ஸலாஹுதீனுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி. அதைக் கழற்றினால்தான் கமெராவில் கண் வைக்க முடியும். கழற்றினாலோ மகளும் மாமி வளர்க்கிற ஆடும் ஒரே வெள்ளைப் புகை. ஆகவே நாடா பிடித்துத் தூரத்தை அளந்து, லென்ஸ் வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்பிவைத்துக்கொண்டான்.

"அளக்கிறதப் பாத்தா புள்ளைக்குச் சட்டை தைக்கப் போறாப்போல இரிக்கி, மச்சான்," என்றாள் நதீரா.

அவன் கிட்டப் போகும்போதே மிஸ்றியா சிணுங்கத் தொடங்குவாள். கமெராவைத் தூக்கியதும் சத்தம் நிற்கும். அடுத்த அழுகைக்கு மூச்சு எடுக்கிறாள் என்று நினைத்து அவசரமாகப் பொத்தானை அமத்துவான். கமெராவை இறக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், வாயை அகலத் திறந்து வீரிட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் இதே கதை. அழுகிற படத்தைக் கழுவி என்ன செய்வது என்று பிலிம் றோலை மேசை லாச்சியில் போட்டான்.

கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருந்த அழகரெத்தினத்திடம் போய் யோசனை கேட்டான். அமத்தும்போது கமெராவுக்குள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடி எழும்பி விழுகிற சத்தம் பிள்ளையை வெருட்டுகிறது என்றார் அவர். சத்தமே வராத சின்னக் கமெரா ஒன்றை இரவல் கொடுத்தார். அதன் லென்ஸ் அகலமாகப் பிடிப்பது. பிள்ளை பெரிதாக விழவேண்டுமானால் ஒரு முழத் தூரத்துக்குக் கிட்டப் போகவேண்டும். போனான். படமெடுத்து முகத்தை நிமிர்த்தியதும் மிஸ்றியா அலறிய அலறலில், குடித்த பால் முழுவதும் இரவல் கமெராவில் வந்து விழுந்தது.

பிழை கிட்டப் போனதுதான் என்று கண்டுபிடித்தான். பழைய கமெராவுக்கு நூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸை இரவல் வாங்கி, ஆட்டுக் கூட்டுக்குள் நின்று எடுத்தான். ஆடு அளவு நாடாவின் கடைசி மூன்றடியைத் தின்றது. கூட்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு இருநூறு. அதற்கு வளவு போதவில்லை. ஒழுங்கையைக் கடந்து, எதிர்ப்பக்கத் தென்னையோடு சாய்ந்து நின்று குறிபார்த்தான். பாய்க்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் பக்கத்து வீட்டு நாச்சியாவின் கிணற்றடி. பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கு ரியாத்துக்காரன் குழாய் பிடிக்கிறான் என்று அசர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசலுக்கு முறைப்பாடு போய்விட்டது.

விசாரிக்கப் பள்ளி நிர்வாகத்து மரைக்கார் வந்தார். லென்ஸின் இயல்பை ஸலாஹுதீன் அவருக்குப் பொறுமையாக விளக்கி, பார்க்கவும் கொடுத்தான். மரைக்கார் பார்த்தார். கிணற்றுக் கயிற்றின் முடிச்சு வரை தெரிந்தது. "அஸ்தக்ஃபிருல்லாஹ்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி இதை ஒழுங்கையில் தூக்கக்கூடாது என்று சொல்லிப் போனார். மாமி இரண்டு நாள் அவனுடன் கதைக்கவில்லை.

பயணத்துக்கு மூன்று நாள் இருந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு, லென்ஸ்களைத் திருப்பிக் கொடுக்கச் சைக்கிளை எடுத்தான். கழுவக் கொடுக்க றோல்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அழுகிற பிள்ளையாவது கூட வரட்டும். ரியாத் ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் ஆயிரம் சாமான்களுக்குப் பெயர் தெரிந்தவன், இரண்டடி உயரப் பிள்ளைக்குத் தோதான ஒரு சாமானைத் தெரிவுசெய்யத் தெரியாமல் போனானே என்று வழியெல்லாம் தன்னையே நொந்து சிரித்துக்கொண்டான்.

மறுநாள் பின்னேரம் போனபோது, அழகரெத்தினம் கழுவிய படங்களை மேசையில் பரப்பிவைத்திருந்தார். ஸலாஹுதீன் குனிந்து பார்த்தான். முன்பல் நான்கும் தெரிய மிஸ்றியா சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததிலும் சிரித்தாள். பால் கக்கிய அன்றைய படத்தில் கைகொட்டிச் சிரித்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த லென்ஸ் அண்ணன் இப்பிடி எடுத்திரிக்கி?" என்று கேட்டான்.

"எல்லாத்திலயும் ஒரே சிரிப்புத்தான்."

"நான் கமெராவ இறக்கிப் பாக்கிற நேரமெல்லாம் அழுதுக்கிட்டுத்தானே இரிந்தாள்?"

அழகரெத்தினம் படங்களை ஒன்றாக அடுக்கி உறையில் போட்டு, அவன் கையில் கொடுத்தார்.

"புள்ள கமெராக்குப் பயப்புடல்ல, தம்பி. அது உங்கட மூஞ்ச மறைச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள மட்டுந்தான் சிரிச்சிரிக்கி."