மூன்று மீற்றர் முன்பின்

துல்லியர் என்றோர் இனம் உண்டு. பண்டாரவளை பஸ் நிலையத்தில் நின்று, வெலிமடை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் மோவாயால் திசை காட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்க, ஒருவர் மட்டும் கைபேசியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை இரண்டு விரலால் விரித்து விரித்து, கடைசியில் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தை உங்களுக்கே காட்டுவார். அதற்குள் பஸ் போய்விடும். அவர்தான் துல்லியர்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண விரும்புகிறவர்கள் இரகுநாதனைப் பார்க்கலாம். தோட்ட வீடமைப்புத் திட்டம் ஒன்றின் தொழில்நுட்ப அலுவலர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வீட்டுக்குப் பேசும்போது கூட 'குளிருது' என்று சொல்லமாட்டார். எத்தனை பாகை என்று சொல்வார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் கருவி. வானத்தில் ஓடும் செய்மதிகளிடம் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி. அதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "மூண்டு மீற்றர் முன்பின். அதுக்கு மேல ஒரு அங்குலமும் பிசகாது."

வெட்டவெளியில் அது உண்மையாகவும் இருக்கலாம். அடர்ந்த மரத்தடியில்? செய்மதியின் சமிக்ஞை ஈர இலையிலும் அடிமரத்திலும் முட்டி மோதிச் சுற்றிக்கொண்டு பிந்தி வரும். பிந்தி வந்ததால் தூரத்திலிருந்து வந்ததாக்கும் என்று கருவி கணக்குப் போட்டுவிடும். ஆனால் கருவி நாணயமானது. தனக்கு எவ்வளவு தூரம் நிச்சயமில்லை என்பதைத் திரையின் அடியில் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். இரகுநாதன் கருவியைப் பிடிக்கும் விதத்தில், அந்த எண்ணின் மேல்தான் அவருடைய பெருவிரல் இருக்கும்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கொழுந்து எடுக்கும் சிவசக்திக்கு வீடு கட்டக் காணி கிடைத்திருந்தது. கொழுந்தன் குடும்பத்தோடு லயத்து வரிசை வீட்டின் ஒரே காம்பிராவில் சேலையைக் குறுக்கே கட்டிப் படுத்தவளுக்கு, இது பெரிய விஷயம். காணிக்கு ஒரு பக்கம் டர்பன்டைன் மரக்காடு. அதற்கு அந்தப் பக்கம் தோட்டத் துரையின் பங்களா. வரைபடத்திலுள்ள காணி மூலையைத் தேடி இரகுநாதன் கருவியோடு நடந்தார். தூறல் பிடித்தது. மரங்களுக்குள் ஒதுங்கினார். அவர் அசையாமல் நிற்க, திரையில் அவர் இடத்தைக் காட்டும் புள்ளி மெல்ல மெல்ல நகர்ந்து மூலைக்கு வந்து சேர்ந்தது. அவர் நடக்கவில்லை, புள்ளிதான் நடந்தது. அங்கேயே சிவப்பு வர்ணம் பூசிய எல்லைக்கட்டை ஒன்றை அடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் கட்டையிலிருந்து வீட்டின் அளவுக்குக் கயிறு பிடித்துப் பார்த்தால், சமைக்கிற குசினி காட்டுக்குள் கிடந்தது.

"சேர், குசினி மரத்துக்குள்ள போகுதுங்களே! தூறலுக்கு ஒதுங்கி நின்ன எடத்துலயே கட்டைய அடிச்சிட்டீங்க."

"நான் ஒதுங்கினது தற்செயல், தங்கச்சி. செய்மதி சொன்ன இடமும் அதுதான்."

"அப்ப மரத்த வெட்டிறலாமுங்களா?"

"மரம் வெட்டேலாது. அது காடு."

"வீடு?"

"வீட்டின்ர இடம் சரி. காடுதான் கொஞ்சம் முன்னுக்கு வந்து நிக்குது."

இந்த மாதம் அத்திவாரம் போடாவிட்டால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அது சிவசக்திக்குத் தெரியும். இரகுநாதனுக்கும் தெரியும். துல்லியர்கள் கெட்டவர்கள் அல்லர். அவருக்கும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

வெயில் எறித்த ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல் வந்தார். வெட்டவெளியில் மானாப்புல்லுக்கு நடுவே நின்றபோது கருவி, 'மூலை இதுதான்' என்றது. கட்டையோ தூரத்தில், மரங்களுக்குள். அங்கே போய் முதன்முறையாகப் பெருவிரலை எடுத்துப் பார்த்தார். மூன்றல்ல, முப்பதுக்குக் கிட்ட இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கட்டையைப் பிடுங்கக் குனிந்தார்.

கட்டைக்குச் சந்தனம் பூசியிருந்தது. குங்குமம் வைத்திருந்தது. செவ்வந்தி மாலையும், முன்னால் ஒரு பிடி பச்சைக் கொழுந்தும் கிடந்தன.

"தொட்டுறாதீங்க சேர்!" கூடையோடு ஓடிவந்தாள் சிவசக்தி. "வீடு எப்படியாச்சும் அமையணும்னு நாந்தாங்க மொதப் பொட்டு வச்சேன். இப்ப கொழுந்தெடுக்க மலைக்குப் போற ஆளுங்க எல்லாம் மொதக் கொழுந்த இங்க வச்சு, பொலி பொலின்னு கும்புட்டுத்தான் போறாங்க. கட்டை காவல் முனியாகிருச்சுங்க. இனிப் புடுங்க முடியாது."

"அப்ப வீடு?" இம்முறை அவர் கேட்டார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கு வழியே இல்லையா? இருந்தது. 'முதல் அளவு மரத்தடியில் எடுத்தது, பிழை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் புதுக் கட்டை நடலாம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதத் துல்லியர் இனத்தில் எவருக்கும் கை வந்ததில்லை. அப்புத்தளைக் குளிரிலும் இரகுநாதனுக்கு வியர்த்தது. பிறகு முகம் தெளிந்தது. எழுதினார்: 'எல்லைக்கட்டை காணாமற்போயுள்ளது. அருகில் புராதன வழிபாட்டுத் தலம் ஒன்று காணப்படுகிறது. புதிய கட்டை நடப்பட்டது.'

வீடு எழும்பிவிட்டது. பால் காய்ச்சிய அன்று முதல் தேங்காய் முனிக்குத்தான் உடைந்தது. தான் அடித்த கட்டையின் முன்னால் இரகுநாதனும் கைகூப்பி நின்றார். புராதனத் தலத்தை வரைபடத்தில் ஏற்றவேண்டுமே என்று, கும்பிட்ட கையோடு, அதே மரத்தடியில், அதே கருவியால், பெருவிரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு அளவும் எடுத்தார். திணைக்கள வரைபடத்தின்படி முனி இப்போது துரை பங்களாவின் குளியலறையில் குடியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த முறை வீட்டிலோ அலுவலகத்திலோ, "எனக்கு நல்லாத் தெரியும்" என்று தொடங்கும்போது மட்டும் உங்கள் பெருவிரல் எதன் மேல் இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள். எதன் மேலும் இல்லை, நிச்சயம் என்கிறீர்களா?

நல்லது. எத்தனை மீற்றர் முன்பின்?