இதெல்லாம் ஒரு வெயிலா?

வெயில் வீரர் என்று ஓர் இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் எங்கள் பீனிக்ஸ் நகரத்தில் இதன் விளைச்சல் கொஞ்சம் அதிகம். வெளியில் நூற்றுப் பதினாறு டிகிரி கொளுத்துகிறது. கார் ஸ்டியரிங்கைத் தொட முடியாமல், அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம். நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள் அதன் நான்கு காலுக்கும் செருப்பு மாட்டி அழைத்துப் போகிறார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் டீத்தூள் போட்டுவிடலாம் போல் தண்ணீர் வருகிறது. இந்த லட்சணத்தில், "அப்பப்பா, என்ன வெயில்!" என்று நாம் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், எங்கிருந்தோ ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். நம்மை மேலும் கீழும் பார்ப்பார். "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார்.

அவர்தான்.

வெயில் வீரர் தொப்பி போடமாட்டார். தண்ணீர் பாட்டில் தூக்கமாட்டார். நிழலும் வெயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெயிலில் நின்றுதான் பேசுவார். பேசுகிற நம்மையும் நிற்க வைப்பார். நாம் எந்த எண்ணைச் சொன்னாலும் அவரிடம் அதைவிடப் பெரிய எண் ஒன்று தயாராக இருக்கும். அதற்கும் மேல் நாம் போய்விட்டால், "ஆனா இது வறண்ட வெயில்தானே, வேர்க்காதே!" என்று ஒரே போடு. இதற்குப் பதில் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. பதில் இருக்கிறது. எங்கள் ஓரலியா சொல்லியிருக்கிறாள்: "ஓவன் அடுப்புக்குள்ளயும் வறண்ட சூடுதான். கோழி வேகாமலா இருக்கு?"

ஓரலியாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் தோட்டத்தைப் பற்றி. எங்கள் தெருக்கோடியில், முன்பு பழைய டயர்க் கடை இருந்த காலி மனையில், அக்கம்பக்கத்தார் சேர்ந்து காய்கறி போடுகிறோம். ஆளுக்கொரு பாத்தி. உலகமெல்லாம் பனிக்காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு கோடைக்குக் காத்திருப்பார்கள். எங்களுக்கு எல்லாம் தலைகீழ். குளிர்காலத்தில் கீரையும் கேரட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டும். மே மாதம் வந்தால் பாதிப் பேர் பாத்தியை விட்டுவிட்டு மலைப் பக்கமோ கடல் பக்கமோ ஓடிப்போவார்கள். மிச்சப் பேர் ஒருநாள் கூடி, கம்பு நட்டு, பாத்திகளுக்கு மேல் நிழல்வலை கட்டிவிட்டு, விடிவதற்குள் வந்து விடிந்ததும் ஓடுகிற கோடை விவசாயத்தைத் தொடங்குவோம். நானும் அந்த மிச்சத்தில் ஒருவன். பக்கத்துத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஓடிப்போக எங்கே நேரம்?

வலை கட்டுகிற அன்று உதவிக்கு வராமல், ஆனால் தவறாமல் வந்து, நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பவர் ஒருவர் உண்டு. எங்கள் வெயில் வீரர். பெயர் வெர்லின் புரூவிட். பிறந்தது மினசோட்டாவில், ஏரியே உறைந்துபோகிற குளிரில். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? ஏ.சி. ரிப்பேர். சிரிக்காதீர்கள். அவர் சிரித்ததில்லை.

"செடிக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க," என்பார். "குழந்தையைப் பொத்திப் பொத்தி வளர்த்தா உருப்படுமா? வெயில்ல விடுங்க. தானா கத்துக்கும்."

அவருடைய பாத்திக்கு வலை கிடையாது. வெண்டைக்காய் இருக்கும், அது நரகத்தில் நட்டாலும் காய்க்கும். பக்கத்தில் தக்காளிச் செடிகள் விறகு மாதிரி காய்ந்து நிற்கும். "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "விதைக்கு விட்டிருக்கேன்," என்பார்.

தொண்ணூறாம் வருடம் இந்த ஊரில் நூற்று இருபத்திரண்டு டிகிரி அடித்ததே, அது அவருடைய சொந்தச் சொத்து. அன்றைக்கு அவர் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரையில் ஏறி ஏ.சி. பழுது பார்த்தாராம். முதல் முறை அவர் சொல்லி நான் கேட்டபோது கூரையில் ஒரு மணி நேரம் இருந்தார். அப்புறம் அது அரை நாள் ஆயிற்று. போன வருடம் முழு நாள், சட்டை இல்லாமல். இந்த வருடம் செருப்பும் போய்விட்டது. இன்னும் இரண்டு கோடை போனால் அந்த மனிதர் கூரையின்மேல் எந்தக் கோலத்தில் நிற்பார் என்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் எப்படி என்கிறீர்களா? அவர் மனைவி லோர்னா என் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஜூன் மாதம். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றேன். "வீட்ல ஏ.சி.யை அப்படி வச்சிருக்கார். அவரே கம்பளி போத்திக்கிட்டுத்தான் டிவி பார்க்கிறார்," என்றார். வீரத்துக்கும் ஓய்வு வேண்டாமா?

இப்போது ஓரலியா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வெர்லினுக்குப் பக்கத்துப் பாத்தி. அவள் வீட்டு வழக்கத்தில், பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆனால் ஊரைக் கூட்டிக் கல்யாணம் மாதிரி விழா எடுப்பார்கள். அக்டோபரில் அவள் மகளுக்கு அந்த விழா. விருந்தில் எது இருக்கிறதோ இல்லையோ, மிளகாய் அரைத்த சல்சா இருக்கவேண்டும். டூசானிலிருந்து நாத்தனார் வருகிறாள். போன முறை வந்தபோது ஓரலியாவின் சல்சாவை விரல் நுனியில் தொட்டு நக்கி, "எந்தக் கடையில வாங்கினே?" என்று கேட்டுவிட்டுப் போன நாத்தனார். அன்று எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை. அதற்காகத்தான் ஓரலியா பாத்தி முழுக்கச் சில்டெபின் மிளகாய் வைத்திருந்தாள். மிளகு அளவுதான் இருக்கும். கடித்தால் காதில் புகை வரும். கோடையை மட்டும் தாண்டிவிட்டால் செப்டம்பரில் காய்த்துக் கொட்டிவிடும். தாண்டவேண்டும்.

ஜூலையில் அவள் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். எல்லை தாண்டி, அம்மா இருக்கிற எர்மோசீயோ ஊருக்குப் போகவேண்டும். தண்ணீர் டைமரில் தானாகச் சொட்டும். அதில் கவலை இல்லை. கவலை காற்று. அந்த மாதத்தில் சாயங்காலமானால் புழுதிப் புயல் சுவர் மாதிரி எழுந்து வந்து, கட்டினதையெல்லாம் பிய்த்துப் போடும். தோட்டத்துக்குத் தினமும் வருகிற, வந்தால் லேசில் போகாத ஒரே ஆள் வெர்லின். அவரிடம் போய் நின்றாள்.

"தோன் வெர்லின், ஒரே ஒரு வேலைதான். வலை அவிழ்ந்தா கட்டி விட்டுடுங்க."

தோன் என்பது அவர்கள் பெரியவர்களுக்குத் தருகிற மரியாதை. வெர்லினுக்கு அதைக் கேட்டால் உச்சி குளிரும்.

"நீ நிம்மதியாப் போயிட்டு வா. ஆனா இந்த வலை..."

"வலையைப் பத்திப் பேசாதீங்க! அது காட்டுலயே மரத்தடியில ஒண்டிக்கிட்டு வளர்ற செடி. அதுக்குப் போய் வீரம் கத்துக்குடுக்காதீங்க. என் மானம் அதுல தொங்குது."

"சரி, சரி. நான் பார்த்துக்கறேன்."

அவள் போன இரண்டாம் நாளே புயல் வந்தது. மறுநாள் விடியற்காலை நான் போய்ப் பார்த்தால் ஓரலியாவின் கம்புகள் மட்டும் நிற்கின்றன. வலை, கால்வாய் தாண்டி, நெடுஞ்சாலை தாண்டி, எந்த மாவட்டத்துக்குக் குடிபோயிற்றோ தெரியவில்லை. வெர்லின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்து நின்றார்.

"எங்கிட்ட ஒரு துண்டு வலை இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்றேன்.

"வேணாம். ஒருவகையில நல்லதாப் போச்சு. செடி கொஞ்சம் உலகத்தைப் பார்க்கட்டும்."

"வெர்லின், அது இத்தனை நாள் நிழல்ல இருந்த செடி. இன்னைக்கு நூத்துப் பதினாறாம்!"

"இதெல்லாம் ஒரு வெயிலா? ஓரலியா எங்கிட்டதானே சொல்லிட்டுப் போயிருக்கா? நீங்க கடையைப் போய்த் திறங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனிதரை என்ன சொல்வது? போய்க் கடையைத் திறந்தேன்.

மத்தியானம் லோர்னாவிடமிருந்து போன். "மெத்தை மேல போட்டிருந்த விரிப்பைக் காணோம்," என்றார். ஒரு நொடி விட்டு, "வெர்லினையும் காணோம்," என்றார்.

கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். தோட்டத்தில் வேறு ஈ காக்கை இல்லை. ஓரலியாவின் பாத்தி மேல் நாலு கம்பிலும் மூலைக்கொன்றாக முடிச்சுப் போட்டு, பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட படுக்கை விரிப்பு. அதற்குக் கீழே செடிகள் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஓரமெல்லாம் வெளுத்து நிற்கின்றன. விரிப்பு கடைசிச் செடிவரை எட்டவில்லை. எட்டாத அந்த ஒரு செடிக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் வெர்லின். சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தார். நிழல் செடி மேல் விழுந்தது. வெயில் அவர் மேல் விழுந்தது. ஆள் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் இருந்தார். வேர்க்கவில்லை. வறண்ட வெயில்தானே.

"என்ன செய்யறீங்க?" என்று கத்தினேன்.

"சும்மா காத்து வாங்கறேன்," என்றார். குரல் குழறியது. அப்படியே வாளியிலிருந்து சரிந்தார். விழும்போதும் செடி இல்லாத பக்கமாகத்தான் விழுந்தார்.

நான் பயந்தே போய்விட்டேன். சிரிக்கிற விஷயமே இல்லை அது; எங்கள் ஊரில் ஒவ்வொரு கோடையிலும் வெயில் ஆட்களைக் கொண்டுபோகிறது. ஆம்புலன்சில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் ஆளை ஒரு பெரிய பைக்குள் படுக்கவைத்து, கழுத்துவரை ஐஸ் கட்டியைக் கொட்டினார்கள். லோர்னா பக்கத்தில் நின்று அழுதார். கொஞ்ச நேரம் கழித்து வீரர் கண்ணைத் திறந்தார்.

"வெயில் தாக்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தாங்க."

"வெயிலா? சேச்சே. காலைல சாப்பிடல, அதான்."

"சரி, பேசாம படுங்க. ஐஸ் ரொம்பக் குளிருதா?"

அவர் தன்னைச் சுற்றிக் குவிந்திருந்த ஐஸ் கட்டிகளைப் பார்த்தார். பல் தந்தியடித்தது.

"இதெல்லாம் ஒரு குளிரா?" என்றார். "மினசோட்டாவுல இதுக்கு நாங்க சட்டையைக் கழட்டிட்டு மீன் பிடிக்கப் போவோம்."

லோர்னா அழுகையை நிறுத்திவிட்டார்.

ஓரலியா திரும்பி வந்தபோது பாத்தி மேல் என் துண்டு வலை இருந்தது. ரோஜாப்பூ விரிப்பு மடித்துப் பக்கத்தில் இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் ஒவ்வொரு தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. அந்த நேரத்தில் வெர்லின் வந்தார். தலையில் வைக்கோல் தொப்பி. நான் பார்ப்பதைப் பார்த்து, "லோர்னா ஆசைப்பட்டா," என்றார்.

ஓரலியா பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வேலைதானே சொன்னேன் தோன் வெர்லின்? வலையைக் கட்டுங்கன்னு! ஒரு போன் பண்ணக் கூடாதா? இவர் வலை தரேன்னாராமே, வாங்கினா கௌரவம் குறைஞ்சிடுமா? செத்துத் தொலைச்சிருந்தா லோர்னாவுக்கு யார் பதில் சொல்றது? என் நாத்தனார் முன்னாடி நான் கடைச் சல்சாவை வச்சுக்கிட்டு நின்னிருப்பேனே!" சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கிவிட்டது. எதற்குக் கலங்கியது, நாத்தனாருக்கா, கிழவருக்கா என்று நான் கேட்கவில்லை.

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடைசிச் செடி..." என்றார் மெதுவாக. "அது தேறிடுமா?"

அவள் குனிந்து அந்தத் தண்டையும் கீறிப் பார்த்தாள்.

"தேறிடும்."

அவர் முகம் மலர்ந்தது. பாத்தியையும் எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேனே," என்றார், "பெருசா ஒண்ணும் வெயில் இல்லன்னு."

ஓரலியா கையில் அப்போது மண்வெட்டி இருந்தது. நடுவில் நான் நின்றேன்.

அக்டோபரில் விழா அமர்க்களமாக நடந்தது. சல்சா வந்தது. நாத்தனார் ஒரு கரண்டி எடுத்தாள், தும்மினாள், மூக்கு சிவந்தாள், எந்தக் கடை என்று கேட்கவில்லை. வெர்லின் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. உதடு துடித்தது. லோர்னா தண்ணீரை நீட்டினார். கையால் தடுத்துவிட்டு, மேசை முழுதும் கேட்கும்படி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

போகட்டும், வெர்லினை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். தொடக்கத்தில், எங்கள் ஊரில் நூற்றுப் பதினாறு டிகிரி என்று எழுதினேன் அல்லவா? அதைப் படித்ததும் உங்கள் மனதில் என்ன ஓடியது? 'ஐயோ பாவம்' என்றா? உண்மையைச் சொல்லுங்கள். 'இவன் என்ன பெரிய வெயிலைக் கண்டான், ஒரு கத்திரி வெயில்ல எங்க வேலூர்ப் பக்கம் வந்து பார்க்கச் சொல்லு. அங்க வெயிலோட வேர்வையும் சேர்ந்து ஆளை உருக்கும், கரன்ட் வேற இருக்காது' என்று ஓடியதா, இல்லையா?

ஓடியதா? சரி. தொப்பி போடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. எதற்கும் காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.