கசிவே இல்லாத கார்

மனிதர்களில் ஒரு வகையினர் இருக்கிறார்கள். காருக்கு ஏதாவது வந்துவிட்டால் வைத்தியத்தை முதலில் செய்து முடித்துவிட்டு, நோய் என்னவாக இருக்கும் என்பதைப் பிறகு நிதானமாக யோசிப்பவர்கள். இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டில் ஒரு ஸ்பானர் பெட்டி இருக்கும். அதில் இருப்பதெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்களின் ஸ்பானர்களாக இருக்கும். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை ஈரத்துணி போட்டுத் திறந்ததில் ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று மெலிந்திருக்கும். "பட்டறைக்காரனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் காருக்கு அடியில் போய்விடுவார்கள்.

உலகமெங்கும் இந்த இனம் உண்டு என்றாலும், மலையடிவாரத்துச் சந்தியாகோ நகரத்தில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். எங்கள் தெருவில் எவரிஸ்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்துகூடத் தரமாட்டார். "எதுனால இருமல்னு தெரியாம மருந்து குடிக்கலாமா?" என்று கிழவிகளைத் திட்டி அனுப்புவார். அதே எவரிஸ்தோதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இருபது வருஷத்து ஜப்பான் காரின் பானெட்டைத் தூக்கி, ஓடிக்கொண்டிருக்கிற பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் காருக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பார்த்தது அவர் மனைவி தோமாசினா.

"ஏய்யா, வண்டிக்கு அடியில குளம் நிக்குது."

"அது ஏ.சி. தண்ணி, தோமா."

"முந்தாநேத்துலேர்ந்து ஏ.சி.யே போடலயே?"

"முந்தாநேத்துத் தண்ணி இன்னிக்குச் சொட்டுது."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கவென்று பச்சையிலும் சிவப்பிலும் புட்டியில் விற்கிறார்களே கூலன்ட், அது பனி பெய்யும் தேசத்துக்காரர்களுக்கான சமாசாரம் என்பது எங்கள் தெருவின் ஏகமனதான தீர்ப்பு. இங்கே குழாய்த் தண்ணீர் போதும். தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான், குளிர் தேசத்தில் எஞ்சினைச் சூடேற்ற வைத்த சாமான், எங்கள் ஊரில் எஞ்சின் தூங்கி எழும்போதே சூடாகத்தானே எழுகிறது? கார் வாங்கிய மறுநாளே எவரிஸ்தோ அதைக் கழற்றி, ஜன்னல் ஓரத்தில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துவிட்டார். ஆகவே ரேடியேட்டரில் இருப்பதும் தண்ணீர், ஏ.சி. சொட்டுவதும் தண்ணீர். வாசலோ சரிவு, எங்கே சொட்டினாலும் ஓடி ஒரே இடத்தில் கூடிவிடும்.

எவரிஸ்தோ அசரவில்லை. குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இனிக்கல. கூலன்ட்டா இருந்தா இனிக்கும். இது ஏ.சி. தண்ணியேதான்."

ரேடியேட்டரில் கூலன்ட்டே கிடையாது என்பதை அந்தச் சமயத்தில் யார் அவருக்கு நினைவுபடுத்துவது? அது விஷம் என்று புட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் புட்டியை வாங்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

சாதாரணச் சனிக்கிழமையாக இருந்தால் தண்ணீர் சொட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். மறுநாள் காலை பத்து மணிக்கு, மலைமேல் ஹராபகோவாவில், தோமாசினாவின் தங்கை யுதெல்காவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் எவரிஸ்தோ. அது ஏதோ ஒருநாள் மரியாதை அல்ல; பிள்ளையைக் கையில் ஏந்திய நிமிஷத்திலிருந்து சாகும்வரை செல்லும் உறவு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சட்டையை ஒரு வாரத்தில் மூன்று தடவை இஸ்திரி போட்டாகிவிட்டது.

பத்தரைக்கு யுதெல்காவே போன் செய்தாள்.

"அத்தான், ஈஸ்டருக்கு வந்தப்போ பாதி மலையில வண்டி புகைஞ்சு நின்னீங்களே, நாளைக்கும் அப்படி நின்னா ஃபாதர் காத்திருக்க மாட்டாரு. பத்துக்கு நீங்க இல்லன்னா ஒக்தாவியோ பிள்ளையைத் தூக்கிடுவாரு. அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

ஒக்தாவியோ யுதெல்காவின் கொழுந்தன். அவனிடம் எவரிஸ்தோ பொறுக்க முடியாத குணம் ஒன்று உண்டு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வண்டிக்கு ஒன்றுமே இல்லாதபோது, பட்டறைக்கு ஓட்டிப்போவான். போய், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பான்! அந்தக் கைகளிலா பிள்ளை?

எவரிஸ்தோ சட்டையைக் கழற்றினார்.

இனத்தின் இலக்கணப்படி, ஒருவர் பானெட்டைத் தூக்கினால் ஐந்து நிமிஷத்துக்குள் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தெருமுனையில் தோமினோ என்கிற புள்ளிக்கட்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த நிகானோர், கையிலிருந்த கட்டைகளை எவருக்கும் காட்டாமல் மார்போடு அணைத்தபடி வந்து சேர்ந்தார்.

"வாட்டர் பம்புதான், மேஸ்திரி."

"எப்படிச் சொல்ற?"

"சத்தம் வருதுல்ல?"

"எஞ்சினே ஓடல."

"அதான் சொல்றேன். பம்பு செத்தா சத்தமே வராது."

அதற்குள் மற்ற மூன்று ஆட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஒருவர் ரேடியேட்டர் ஓட்டை என்றார், ஒருவர் ஹெட் கேஸ்கட் என்றார், மூன்றாமவர் இதெல்லாம் ஒன்றுமில்லை, வண்டியை விற்றுவிடுவதே நல்லது என்றார். எவரிஸ்தோ அனைவருக்கும் மதிப்புக் கொடுத்தார். அதாவது, விற்பதைத் தவிர, ஒவ்வொருவர் சொன்ன நோய்க்கும் கைக்குக் கிடைத்த வைத்தியத்தைச் செய்தார். மூடியை மாற்றினார். எங்கிருந்தோ ஒரு பழைய ஹோஸைக் கொண்டுவந்து மேலே இருந்த நல்ல ஹோஸுக்குப் பதிலாகப் போட்டார். ஓட்டை இருந்தால் அடைத்துக்கொள்ளட்டும் என்று ரேடியேட்டரில் மிளகுத்தூள் கொட்டினார்.

"ரேடியேட்டரா, சூப்புச் சட்டியா?" என்று தோமாசினா ஜன்னல் வழியாகக் கேட்டாள். "கொஞ்சம் கொத்தமல்லியும் தரட்டா?"

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் எஞ்சினை ஓடவிட்டார். சோதனை என்றால் முழுமையாக இருக்க வேண்டாமா? எஞ்சினுக்குச் சுமை ஏற்ற ஏ.சி.யையும் போட்டார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் சொட்டியது. "ஏ.சி. தண்ணி" என்றார் எவரிஸ்தோ, சற்றுக் குறைந்த குரலில். பகல் இரண்டு மணிக்கு வாசலில் செய்தித்தாள்கள் விரித்து, அவற்றின்மேல் காரின் பாதி இருந்தது. மறுபடி பூட்டியபோது இரண்டு போல்ட் மிஞ்சியது. "கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருக்கான்" என்று நிகானோர் ஆறுதல் சொன்னார்.

எவரிஸ்தோ வாசற்படியில் உட்கார்ந்தார். ஒக்தாவியோவின் காப்பிக் கோப்பை அவர் கண்முன் ஆவி பறக்க நின்றிருக்க வேண்டும்.

தோமாசினா விருந்துக்கான கேக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். ஆண் பிள்ளை என்பதால் மேலே பூசுவது நீலம். சாயக் குப்பி கையில் இருந்தது.

"வண்டி ஆறிடுச்சா? இதை அதுல ஊத்து. நீலமாச் சொட்டுனா ரேடியேட்டர் தண்ணி. வெறும் தண்ணியாச் சொட்டுனா நீ சொல்ற ஏ.சி."

எவரிஸ்தோ குனிந்து குப்பியின் லேபிளைப் படித்தார்.

"சாயமெல்லாம் எஞ்சினுக்கு ஆகாது, தோமா."

"மிளகு ஆகும், இல்ல?"

அவளே ஊற்றினாள். கேக் பெட்டி அட்டையைப் பிரித்து அடியில் தள்ளினாள். ஏ.சி.யோடு எஞ்சின் பத்து நிமிஷம் ஓடியது. அட்டையின் பின் ஓரத்தில் நிறமற்ற சொட்டுகள். "பாத்தியா, ஏ.சி.!" என்று எவரிஸ்தோ எழுந்தே நின்றுவிட்டார். முன் ஓரத்தில் ஒரு நீலச் சொட்டு. இன்னொன்று. நேர் மேலே, கீழ் ஹோஸின் முனையில், கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் துணி மாட்டும் கம்பி ஒன்று முறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது.

"எந்த மடையன் இதைச் சுத்துனான்?" என்றார் நிகானோர்.

ஈஸ்டரன்று, பாதி மலையில், புகைக்கு நடுவில், "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும்தான்" என்று சொல்லிச் சுற்றியவரை தோமாசினா பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். இந்த இனத்தைப் பற்றி நான் அறிந்ததிலேயே முக்கியமான உண்மை இதுதான்: இன்றைய கோளாறு நேற்றைய ரிப்பேர்.

ஒரு புதுக் கிளிப். ஒரு திருப்புளி. ஐந்து நிமிஷம். அட்டை காய்ந்தது. அன்று சாயங்காலமே தோமினோ மேசையில் எவரிஸ்தோ விளக்கிக்கொண்டிருந்தார்: "கீழ் ஹோஸ்லதான் எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம். சாயம் போட்டுப் பாக்கிறது வெளிநாட்டு முறை."

ஞாயிறு காலை கார் மலை ஏறியது. பாடிக்கொண்டே ஏறியது என்று சொல்லலாம். சூடு காட்டும் முள் அசையவில்லை. எந்த மனிதனுக்கும் நிம்மதி தருகிற காட்சி. எவரிஸ்தோவுக்கு வியர்த்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு, வளைவில், வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னாச்சு?"

"முள்ளு அசையல. எதோ கோளாறு."

"கோளாறு இல்லன்னுதான்யா அசையல!"

"ஒரு நிமிஷம், தோமா. பாத்துட்டு வந்துடறேன்."

"நீ பாத்துட்டு வா. நான் பஸ் ஏறிப் போய் ஒக்தாவியோவுக்குச் சட்டை மாட்டி விடறேன்."

இருந்தாலும் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை உறுதிசெய்ய இருபது நிமிஷம் ஆயிற்று.

கோவிலுக்குள் அவர் ஓடியபோது மணி பத்தே கால். ஞானஸ்நானத் தொட்டியருகே ஒக்தாவியோ பிள்ளையை ஏந்தி நின்றான். பிள்ளை அவன் தோளில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எவரிஸ்தோ நடுவழியில் நின்றார்.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அத்தான்" என்றாள் யுதெல்கா, பல்லைக் கடித்தபடி. "ஃபாதர் ஜீப்புக்கு அடியில இருக்காரு."

கோவிலுக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கியின் கீழ் இரண்டு செருப்புக் கால்கள். எவரிஸ்தோ பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஏ.சி. தண்ணியா இருக்கும், ஃபாதர்."

"ஜீப்புல ஏ.சி.யே இல்லப்பா. அந்த ஸ்பானரை எடு."

பதினொன்றே காலுக்குப் பிள்ளை எவரிஸ்தோவின் கைக்கு வந்தது. குருவானவர் பிள்ளையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். பிள்ளை விழித்து, வீறிட்டது. எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக் கண்கலங்க, புது ஞானத்தகப்பனும் குருவும் மட்டும் ஒரே சமயத்தில் குனிந்து, தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று தரையைப் பார்த்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குளம் என்று தோமாசினா சொன்ன உடனேயே, "இது நிச்சயம் ஹோஸ்தான்" என்றோ "பம்பாகத்தான் இருக்கும்" என்றோ மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் மேலே படித்தீர்கள், இல்லையா? எனக்குக் காரே கிடையாது, என்னை ஏன் சேர்க்கிறாய் என்கிறீர்களா?

நிகானோருக்கும் கிடையாது.