முனி மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவது அவர்கள் கண்ணில் படாது; பத்து மைலுக்கு அப்பால் இருப்பவனின் ஆத்துமா ஒழுகுவது மட்டும் துல்லியமாகத் தெரியும். இவர்களுக்கு 'இருட்டுத் தேடிகள்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கையில் விளக்கு இருக்கிறது. அதைக் காட்ட ஓர் இருட்டு வேண்டாமா? கிடைக்காவிட்டால் உச்சிவெயிலில் நிற்பவனைக்கூடக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள்.

ஹட்டன் டவுனில் கைத்தொலைபேசிக்கு உறையும் கண்ணாடியும் விற்கும் பிரதர் ஜெரோமி இந்த இனத்தின் அசல் மாதிரி. ஆறு நாள் கடை, ஏழாம் நாள் ஊழியம். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. வெளியாள் முகமே அறியாத பழங்குடிகளைத் தேடிக் காட்டுக்கும் தீவுக்கும் போன ஊழியர்களின் கதைகளை அவர் வாசித்திருந்தார். அவர்களில் சிலர் அம்பு பட்டுச் செத்தார்கள். அந்த இடம் வந்தால் பிரதருக்குக் கண் கலங்கும். சிலர் கொண்டுபோன சளிக்காய்ச்சலில் பழங்குடிகளே செத்தார்கள். அந்த இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தனக்கும் ஒரு பழங்குடி வேண்டும், ஆனால் அம்பு கூடாது, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இதுதான் அவருடைய அன்றாட ஜெபம்.

ஜெபம் கேட்கப்பட்டது. டயகமவுக்கும் மேலே, பஸ் போகாத, போனில் கோடு விழாத ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கு, மலையுச்சிப் பிரிவு, அவர் கண்ணில் பட்டது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஐந்து லயம், ஒரு மாரியம்மன் கோயில், அந்தோனியாருக்குக் குகைபோல் ஒரு சின்னக் கெபி. அன்றைக்கே வெளிநாட்டில் இருக்கும் ஜெபப் பங்காளர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார்: 'மேகங்களுக்குள் வாழும், எவராலும் தொடப்படாத மலைக்குடிகளைக் கண்டேன்.'

தொடப்படாதவர்களா? கங்காணி தொட்டான், துரை தொட்டான், தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர் வந்து கையைப் பிடித்துத் தொட்டான். இந்த நாட்டில் அவர்களைத் தொடாதவன் யார்? அதுவும் போகட்டும். ஜெரோமியின் தாத்தா பிறந்ததே நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இதே மாதிரி ஒரு லயத்தில்தான். கடிதத்தில் அதற்கு இடம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் மேலே ஏறியது. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மைதானத்தில், தார்ப்பாய் விரித்தார்கள். சனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களை முகம் கோணாமல் உபசரிக்கிற சனம் அது; யார் சாமியைப் பற்றிச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள், பிளேன்டீயும் கொடுப்பார்கள். பிரதர் அதை ஆத்தும தாகம் என்று குறித்துக்கொண்டார்.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. அதன் அடியில் ஒரு கல், கல்லில் மஞ்சள், உச்சிக் கிளையில் முறம் அகலத்துக்கு ஒரு குளவிக் கூடு. முனியாண்டி மரம். அதன் கீழே சத்தம் போடக் கூடாது, புகை காட்டக் கூடாது, பக்கத்தில் இருக்கும் மூன்று நிரையில் கொழுந்து பறிக்கக் கூடாது. குளவி கூட்டைக் காலி செய்துவிட்டு வேறு மலைக்குப் போகும் மாதத்தில் மட்டும்தான் முனிக்குப் பொங்கல். வேலை வாங்குவதில் புலியான தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயாகூட அந்த மூன்று நிரையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு பிரதர் நேரே அந்த மரத்துக்குப் போனார். கோயில் காரியங்களைப் பார்க்கும் வீரய்யா ஓடிவந்து மறித்தார்.

"ஐயா, செபம் பண்ணுங்க, வேணாங்கல. ஸ்பீக்கர மட்டும் இதுல கட்டாதீங்க. மேல குளவி இருக்கு. முனி எடம் வேற. நம்ம நாகலெட்சுமிய போன வருசம் கொட்டி, இன்னொரு தடவ கொட்டுனா உசுரு தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

வீரய்யா குளவியையும் சொன்னார், முனியையும் சொன்னார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியையும் கை காட்டினார். பிரதர் முனியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு புன்னகை பூத்தது. இந்தப் புன்னகையை நீங்கள் அறிவீர்கள். உங்களைவிட உங்களுக்கு எது நல்லது என்று தெரிந்தவர்கள் வைத்திருக்கும் புன்னகை.

"அந்தப் பயத்துல இருந்துதான் உங்கள விடுதலையாக்க வந்திருக்கேன்" என்றார்.

அந்தோனியார் கெபிக்கு மெழுகுதிரி ஏற்றும் சிசிலியும் எழுந்து வந்தாள். தாங்கள் நாலு தலைமுறையாக வேதக்காரர்கள் என்றும், தாங்களும் அந்த மரத்தடியில் சத்தம் போடுவதில்லை என்றும் பணிவாகச் சொன்னாள். அவளுடைய விசுவாசமே இன்னும் சரியான விசுவாசம் இல்லை என்று பிரதர் அன்போடு விளக்கினார். பழங்குடியைத் தேடி வந்த இடத்தில் கிறிஸ்தவள் குறுக்கே வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கட்டினார். முனியை அந்த இடத்தை விட்டு ஓடும்படி மூன்று முறை கட்டளையிட்டார். மூன்றாவது கட்டளைக்கு ஒலிபெருக்கி வீறிட்டது.

முனி ஓடினாரா என்று தெரியாது. குளவிகள் இறங்கின.

சனங்களுக்குத் தெரியும், பிள்ளைகளைத் தார்ப்பாய்க்குள் சுருட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தார்கள். பிரதர் ஓடினார். அப்படி ஓர் ஓட்டத்தை அவர் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில்கூட ஓடியதில்லை. வேனுக்குள் பாய்ந்தார். பின்னாலேயே முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நாகலெட்சுமி வந்தாள், கதவில் கை வைத்தாள். உள்ளே விட்டால் குளவியும் வருமே! பிரதர் கதவைச் சாத்தினார். வேன் கீழே இறங்கியது. திரும்பிப் பார்த்து உப்புத் தூணாகிப்போன ஒருத்தியைப் பற்றி வேதத்தில் இருப்பது நல்லவேளையாக அவருக்கு நினைவு வந்தது. எனவே திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மலையில் அன்று இருந்த ஒரே வாகனம் அதுதான். நாகலெட்சுமியைக் கம்பளியில் போட்டு, நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி, நாலு மைல் சுமந்தார்கள். அவர்களுக்கும் கொட்டுப்பட்டு முகம் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவளுக்கு மூச்சு நூலாக ஓடிக்கொண்டிருந்தது. பிழைத்தாள். அதில் பிரதரின் பங்கு எதுவுமில்லை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் பிரதர் பழங்களோடு வார்டுக்கு வந்தார். கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்து, "பயப்படாம நடந்தத சொல்லுங்க தங்கச்சி, வெளிநாட்டுல ஆயிரம் பேரு பாப்பாங்க" என்றார்.

நாகலெட்சுமிக்கு ஒரு கண்தான் திறந்தது. அந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"முனி போனத நான் பாக்கலீங்க. நீங்க கதவ சாத்துனத பாத்தேன். என் கை உள்ள மாட்டியிருந்துச்சு. திரும்பத் தொறந்து, என் கைய வெளிய தள்ளிட்டு சாத்துனீங்க."

பிரதர் போனை அணைத்தார். அன்று மாலை கடிதம் போனது: 'மரத்தில் குடியிருந்த அசுத்த ஆவிகள் ஆயிரக்கணக்கில் குளவி உருவில் வெளியேறின. ஒரு சகோதரி சாவின் வாசல்வரை போய் மீண்டாள். பேச வார்த்தையின்றிக் கண்ணீர் விட்டாள். அறுவடை மிகுதி, வேனுக்கு டயர் தேவை.'

சீ, என்ன மனிதன் என்கிறீர்களா? பொறுங்கள். விளக்கு என்றால் அது வேதபுத்தகமாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பகுத்தறிவு, சத்துணவு, ஆய்வுக் கட்டுரை, கவிதை என்று எதைத் தூக்கிக்கொண்டும் மலையேறலாம். 'பாவம், அந்த அப்பாவிச் சனங்கள்' என்று இப்போது உச்சுக்கொட்டினீர்களே, அது என் காதில் விழுந்தது. யாராவது நல்லவராக, விவரம் தெரிந்தவராகப் பார்த்து மேற்கணக்குக்குப் போய் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் தேவலை என்று தோன்றுகிறது, இல்லையா?

வேன் ஞாயிறு ஏழு மணிக்கு ஹட்டனில் புறப்படுகிறது. கதவோரத்து இருக்கை உங்களுக்குத்தான்.