மாப்பிள்ளை முயலின் சான்றிதழ்

ஒரு காட்டில் ஒரே ஒரு சர்வர்தான் இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது, பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் குகையில் உட்கார்ந்திருந்தது. அதை விடுங்கள்.

காட்டிலுள்ள அத்தனை மிருகங்களின் வெப்சைட்டும் அந்த ஒரே சர்வரில்தான் குடியிருந்தன. பவளக்கொடி என்கிற கீரி அதைக் கவனித்துக்கொண்டது. ஒவ்வொரு வெப்சைட்டுக்கும், "இது இன்னாருடையதுதான், நம்பி உள்ளே வரலாம்" என்று ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு.

கதிரேசன் என்ற முயலும் ஒரு வெப்சைட் வைத்திருந்தான். அந்தக் காட்டில் பெண் கொடுப்பவர்கள் ஜாதகத்தோடு வெப்சைட்டும் கேட்பார்கள், என்ன செய்வது? பக்கத்துக் குன்றின் அஞ்சுகத்தை அவன் மூன்று வருஷமாக விரும்பினான், பாவம். அவள் அப்பா ஏகாம்பரம், "வெப்சைட்டைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன் தம்பி" என்றிருந்தார்.

புதன்கிழமை அஞ்சுகம் போன் செய்தாள்.

"என்னங்க இது? அப்பா போன்ல உங்க வெப்சைட்டைத் திறந்தா, சான்றிதழ் சிறுத்தை கறிக்கடை பேர்ல இருக்குன்னு வருது. பாத்ததுலேருந்து அவர் வாயே திறக்கல."

கதிரேசனுக்குக் காது இரண்டும் தொங்கிப்போயின. கீரியிடம் ஓடினான்.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றது கீரி, திரையைப் பார்க்காமலே. பிறகு சர்வரை அணைத்துப் போட்டது. சான்றிதழைப் புதுப்பித்தது. தேதியைச் சரிபார்த்தது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வியாழக்கிழமை சாயங்காலம்தான் கேட்டது.

"மாமனார் என்ன போன் வச்சிருக்கார்?"

"ரொம்பப் பழசுக்கா."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன? புது போன் கதவைத் தட்டும்போதே யாரைப் பாக்க வந்தோம்னு பேர் சொல்லும். பழசு சும்மா தட்டிட்டு நிக்கும். சர்வர் என்ன பண்ணும்? எல்லார் சான்றிதழும் ஒரே கட்டாத்தான் இருக்கு, அதுல மேல இருக்கிறதை எடுத்து நீட்டும். மேல இருக்கிறது சிறுத்தை அண்ணனோடது."

"அக்கா, என் வாழ்க்கையே போகுது. என்னோடதை மேல வைங்க."

"வைக்கிறேன். ஆனா இனிமே கறிக்கடைக்கு வர்ற பழைய போனுக்கெல்லாம் முயல் பேர்தான் தெரியும். பரவாயில்லையா?"

கல்யாண ஆசை வந்தவனுக்கு எல்லாமே பரவாயில்லைதான். தலையாட்டினான். கீரியும் மாற்றி வைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஏகாம்பரமே கூப்பிட்டார்.

"மாமா, எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இப்ப என் பேரே வரும்" என்றான் கதிரேசன்.

"பாத்தேன் தம்பி." அவர் குரல் இழவு வீட்டுக் குரலாக இருந்தது. "ஏன் மாத்தினீங்க? சிறுத்தை பேர்ல சான்றிதழ் வச்சிருக்கிற மாப்பிள்ளைன்னா, நம்ம வளைப் பக்கம் ஒரு நரி எட்டிப் பாக்குமா? ரெண்டு நாளா வாயடைச்சுப்போய், பத்திரிகைல உங்க பேரை எவ்வளவு பெருசாப் போடலாம்னு யோசிச்சிட்டிருந்தேன். இப்பத் திறந்தா வெறும் முயல்னு வருது. முயல் எங்க வீட்டுலயே நாப்பத்தி மூணு இருக்கு."

போனை வைத்துவிட்டார்.

நீதி: சான்றிதழில் தவறுதலாகப் பெரிய இடத்துப் பெயர் வந்திருந்தால், தாலி கட்டி முடிக்கும்வரை சர்வரைத் தொடக் கூடாது.